கழுத்து வலிக்கு 2 நிமிடம் ஒதுக்குங்கள்

(தேன்கனிக்கோட்டையில் மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் இந்த வலிக்கு மூணு பேர் உண்டு. தமிழில் கழுத்து வலி, கன்னடத்தில் கத்து நோவு, தெலுங்கில் மெட நொப்பி. எந்த மொழியில் சொன்னாலும் கை போய் நிற்கிற இடம் ஒண்ணுதான்.

போன மாசம் ஓசூர் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தாங்க. ஆலையில் நாள் முழுக்க தலை குனிஞ்சு சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்தும் வேலை. ஆறு மாசமா வலி. "லீவு போட்டா சம்பளம் போகும், மாத்திரை போட்டா வயிறு எரியுது. நான் என்னதான் பண்ண?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

மூணு மாசத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. குனிந்தே இருந்தால் அந்தப் பாரத்தைப் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கணும். தைலமும் மாத்திரையும் வலியை அடக்கலாம்; தசைக்கு வலு தராது.

பின்லாந்தில் 180 பெண் அலுவலகப் பணியாளர்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2003-இல் வெளியானது. கழுத்துத் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி செய்தவர்களுக்கு, நீட்சிப் பயிற்சியும் ஏரோபிக் பயிற்சியும் மட்டும் செய்யச் சொல்லப்பட்டவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. டென்மார்க்கில் 198 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வந்தது. ஒரு குழு ரப்பர் பட்டையை வைத்து வாரம் 5 நாள், தினம் 12 நிமிடம் பயிற்சி செய்தது; இன்னொரு குழு வெறும் 2 நிமிடம். 10 வாரத்தில் இரண்டு குழுவுக்குமே வலி குறைந்தது!

அப்போ, நேரம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். ஆனால் ஒரே நாளில் பலனை எதிர்பார்க்கவும் வேண்டாம். எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதை இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

அவரை எங்கே பார்ப்பது? 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையோடு, நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் அரசு மருத்துவமனையிலும், இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் காட்டலாம். விவரம் கேட்க 104-ஐ அழையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கை மரத்துப்போதல், பிடி தளர்தல், நடை தடுமாறுதல், காய்ச்சலோடு கழுத்து வலி, கீழே விழுந்த பின் வலி - இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அந்த அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை. பேரும் கேட்கவில்லை. உங்கள் பேருந்தில் யாராவது கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தால், எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லிடுங்க.