எந்தக் கல்லுல தீட்டுவீங்க?

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, கரண்ட் இல்லாம, கடை இல்லாம மாசக்கணக்குல சமாளிக்கணும்னா எந்தக் கத்தி வாங்கலாம்?" கூடவே லிங்க். எல்லாமே அமெரிக்க யூடியூப் சேனல். பனிக்காடு, தாடி வெச்ச ஒருத்தர், கையில ஒரு கருப்புக் கத்தி, அதை விறகு மேல வெச்சுக் கட்டையால அடிச்சுப் பிளக்கிறார்.

நம்ம ஊர்ல அந்த நிலைமை எப்படி வரும்னு முதல்ல பார்ப்போம். 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னை லட்சக்கணக்குல விழுந்தது. பல கிராமங்கள்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. அங்க கத்திக்கு என்ன வேலைன்னு யோசிச்சுப் பாருங்க. பாதையை மறிச்ச மரத்தை வெட்டணும். கூரைக்குக் கீற்று வெட்டணும், மூங்கில் பிளக்கணும், இளநீர் சீவணும், கயிறு அறுக்கணும். முதல் ரெண்டு நாள் எந்தக் கத்தியும் தாங்கும். பத்தாவது நாள் மழுங்கிப் போய் நிக்கும்போதுதான் உண்மையான கேள்வி வருது: இப்ப இதை எதுல தீட்டுறது?

அதனால கத்தியைத் தேர்ந்தெடுக்கிறதைத் தீட்டுற கல்லுல இருந்து ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன். கொஞ்சம் உலோகவியல், பொறுத்துக்கோங்க. விலை உயர்ந்த கத்திகள்ல எஸ்30வின்னு ஒரு ஸ்டீல் வருது. அதுல 4 சதவீதம் வனேடியம். அது கார்பனோட சேர்ந்து வனேடியம் கார்பைடுன்னு நுண்ணிய துகள்களா எஃகுக்குள்ள உட்கார்ந்திருக்கும். அதனாலதான் கூர்மை ரொம்ப நாள் நிக்குது. ஆனா அந்தத் துகள் குவார்ட்ஸை விட ரொம்பக் கடினம். ஆத்தங்கரைக் கல்லு, அம்மிக் கல்லு, துணி துவைக்கிற கருங்கல்லு எல்லாத்துலயும் அறுக்கிற பொருள் பெரும்பாலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார்தான். தேய்ச்சா சுத்தியிருக்கிற எஃகு தேயும், கார்பைடு அப்படியே நிக்கும். நல்ல விளிம்பு வராது. டைமண்ட் பிளேட் வேணும். அந்த பிளேட் தேய்ஞ்சுட்டா? கூரியர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

அரிவாள் கதை வேற. நம்ம கொல்லுப் பட்டறைகள்ல பெரும்பாலும் லாரியோட பட்டை ஸ்பிரிங்கைத்தான் வெட்டி அடிக்கிறாங்க. திருப்பாச்சேத்தி அரிவாள் பேர் எல்லாருக்கும் தெரியும், சினிமா புண்ணியத்துல. ஸ்பிரிங் எஃகுல கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. முரட்டு கார்பைடு கிடையாது. சாதாரணக் கல்லே அதைக் கூராக்கும். வளைஞ்சாலும் நெளிஞ்சாலும் பட்டறைக்காரர் கரி உலையில சூடேத்தி, அடிச்சு, திரும்பத் தோய்ச்சல் கொடுத்துத் தந்துடுவார். எஸ்30விக்குத் தோய்ச்சல் கொடுக்க 1000 டிகிரிக்கு மேல, கட்டுப்பாடான உலை வேணும். துருத்தி வெச்சு நடக்கிற காரியம் இல்ல.

நான் பேசிட்டிருக்கிறது திருப்புட்குழியில இருந்து. பெங்களூர் ஹைவே பக்கத்துலயே போகுது, பட்டை ஸ்பிரிங்குக்குப் பஞ்சமே இல்ல. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செஞ்ச இடம்னு தலபுராணம் சொல்ற ஊர் இது. புள்ளுன்னா பறவை. ராவணனோட வாளால விழுந்த பறவைக்கு ஒரு ஊர்ப் பேரே இருக்கு. அந்த வாளை யார் தீட்டிக் கொடுத்தாங்கன்னு மட்டும் யாரும் எழுதி வைக்கல!

வாங்கும்போது என்ன பார்க்கணும்? சின்ன அரம் ஒண்ணு கொண்டு போங்க. விளிம்புல லேசா ஓட்டுங்க. அரம் வழுக்கிட்டே போனா எஃகு ரொம்பக் கடினம், கட்டையில பட்டா பல்லு பல்லா உடையும். சுலபமா உள்ள கடிச்சா தோய்ச்சலே சரியா ஏறல. கஷ்டப்பட்டுக் கடிக்கணும், அதுதான் சரி. கைப்பிடியில இரும்புப் பூண் ஆடக்கூடாது. கூடவே காய் நறுக்க ஒரு சின்ன சாதா ஸ்டெயின்லெஸ் கத்தி வெச்சுக்கோங்க. கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது கட்டாயம், உப்புக் காத்துல கார்பன் எஃகு ஒரே ராத்திரியில சிவந்துடும்.

இப்ப தீட்டுறது. பனையேறிகள்கிட்ட பாளை அரிவாள் பார்த்திருக்கீங்களா? பாளையைத் தினமும் மெல்லிசா சீவணும், மழுங்கினா பதநீர் ஒழுங்கா இறங்காது. அவங்க மரப்பலகையில வெள்ளைக் கல்லுப் பொடியைத் தூவி அதுல தீட்டுவாங்க. அந்த வெள்ளைக் கல்லு குவார்ட்ஸ். எஃகும் கல்லும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தினா ஒரு பலகையே போதும்.

வெட்டரிவாள்ல ஒரு சிக்கல் இருக்கு. அதோட கூர் உள்வளைவுல இருக்கு. கடையில கிடைக்கிற தட்டைக் கல்லு மேல கத்தியைத் தேய்க்கிற டெக்னிக் இங்க ஒத்து வராது. அரிவாளை அசையாம வெச்சுட்டு, உள்ளங்கை அளவு கல்லை அது மேல ஓட்டணும். விளிம்பு பல்லு விட்டிருந்தா முதல்ல அரைவட்ட அரம். கல்லை நனைச்சுக்கோங்க, விரல் விளிம்பைத் தாண்டி வராதபடி பிடிச்சுக்கோங்க. கோணம் ஒரு பக்கத்துக்கு 25 டிகிரி கிட்ட. 90-ல பாதி 45, அதுல பாதி இருபத்திரண்டரை, அதுக்குக் கொஞ்சம் மேல. காய் வெட்டுற கத்திக்கு 20 போதும். மரம் வெட்டுறதுக்கு 20 வெச்சா விளிம்பு மடங்கிடும்.

கோணம் சரியான்னு பார்க்க, விளிம்புல மார்க்கரால கோடு போட்டு நாலு இழுப்பு இழுங்க. மை மேல மட்டும் அழிஞ்சா ரொம்பப் படுக்க வெச்சிருக்கீங்க. நுனியில மட்டும் அழிஞ்சா ரொம்ப நிமிர்த்தியிருக்கீங்க. ஒரு பக்கம் தேய்ச்சிட்டே இருந்தா மறுபக்கம் மெல்லிசா ஒரு பிசிறு எழும்பும். விரலை முதுகுல இருந்து விளிம்பைப் பார்த்து, வெளிப்பக்கமா தடவினா சொரசொரன்னு தட்டும். விளிம்பு நெடுக விரல் ஓட்டாதீங்க. பிசிறு முழு நீளத்துக்கும் வந்தப்புறம்தான் அடுத்த பக்கம். நிறைய பேர் பாதியிலேயே பக்கம் மாத்திடறாங்க, அதனாலதான் "எவ்ளோ தேய்ச்சும் கூர் வரலை"ன்னு புலம்பறாங்க. கடைசியா நைஸ் கல்லுல அழுத்தாம நாலஞ்சு இழுப்பு, பழைய தோல் பெல்ட்டுல பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துடுங்க.

மோட்டார் சாணைக்காரர்கிட்ட கொடுத்தா தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. விளிம்புல நீல நிறம் வந்தா அந்த இடம் 300 டிகிரி கிட்ட போயிருச்சுன்னு அர்த்தம். அங்க தோய்ச்சல் இறங்கிடும். அந்தத் துண்டு முழுசா தேயுற வரைக்கும் கூர் நிக்காது.

முக்கியமா ஒண்ணு, இதை பைக் சீட்டுக்கடியில வெச்சுட்டுச் சுத்தாதீங்க. 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகள்ல ஆயுதப் பட்டியல்ல வருது. வீட்டு உபயோகம், விவசாயத்துக்குச் செஞ்சதுக்கு விலக்கு இருக்கு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு செக்கிங்ல நின்னு "இது விவசாய அரிவாள் சார்"னு விளக்கிட்டிருக்கணுமா?

துடைச்சு, லேசா தேங்கா எண்ணெய் தடவி, காய்ஞ்ச துணியில சுத்தி வீட்டுலேயே வையுங்க. தோல் உறையில போட்டு மாசக்கணக்குல விடாதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வெச்சுக்கும்.

ஏற்கெனவே எஸ்30வி வாங்கிட்டேன், என்ன பண்றதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். விக்க வேணாம் ப்ரோ, நல்ல கத்திதான். ரெண்டு டைமண்ட் பிளேட் வாங்கி வையுங்க, தீட்டும்போது அழுத்தாதீங்க, அழுத்தினா டைமண்ட் துகள் பிடுங்கிட்டு வந்துடும். அடுத்த வாரம் தண்ணி வடிகட்டுறது. பார்ப்போம்.