பச்சைக் கதிரும் பக்கத்து வீட்டுக் கண்ணும்

(சிறுவாச்சூரில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த இயற்பியல் ஆசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் பாடம் நடத்திய விதத்தை அவருடைய மாணவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். வகுப்பின் கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயிலில் சாக்பீஸ் தூளை ஊதுவாராம். அதுவரை தரையில் ஒரு வட்டமாக மட்டும் கிடந்த வெளிச்சம், ஊதியதும் கம்பிபோல எழுந்து நிற்குமாம். “ஒளி உன் பக்கம் திரும்பினால்தான் உனக்குத் தெரியும்” என்பாராம். இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை எனக்குக் கிடைக்காது.

இன்று வெள்ளிக்கிழமை. மதுரகாளியம்மன் சன்னதி வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரும் வழியில் கோயிலுக்குப் போனேன். ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் அந்த மாவு வெல்லத்தோடு உருண்டு, நடுவில் குழிந்து, நெய்யும் திரியும் ஏந்தி விளக்காகிவிட்டது. இடுப்பில் இருந்த குழந்தை சுடரைத் தொடக் கை நீட்டியது. தாய் கையைப் பிடித்துக்கொண்டாள், விளக்கை அணைக்கவில்லை. நான் சொல்ல வந்ததில் பாதி அதில் இருக்கிறது.

மீதிப் பாதி போன மாதம் வேறொரு ஊர்த் திருவிழாவில் நடந்தது. ஊதல், பலூன், வளையல்களுக்கு நடுவே ஒரு தட்டில் பேனா பருமனுக்குப் பச்சை லேசர் லைட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, “தம்பி, இது எவ்வளவு பவர்?” என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “அந்தா தெரியுதே மலை, அது வரைக்கும் போகும் சார்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். உறையில் ஐந்து மில்லிவாட்டுக்குள் என்று அச்சடித்திருந்தது. வாங்கிக்கொண்டு போய் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன். அச்சிட்ட கணக்குக்குப் பல மடங்கு மேலே காட்டியது.

நான் முப்பது ஆண்டுக்கு மேல் கண் மருத்துவம் பார்த்தவன். சர்க்கரை நோயால் விழித்திரையில் இரத்தக் கசிவு வந்தவர்களுக்கு லேசர் வைப்பது எங்கள் அன்றாட வேலை. அதற்குப் பெரும்பாலும் 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியையே பயன்படுத்துகிறோம். திருவிழாத் தட்டில் இருந்ததும் அதே 532தான். நாங்கள் நூறு, இருநூறு மில்லிவாட் அளவில் வைத்து, பத்தில் ஒரு விநாடி சுடுவோம். விழித்திரையில் ஒரு வெண்புள்ளி விழும். அந்த இடம் வெந்துவிட்டது, இனி அது பார்க்காது என்று பொருள். பார்வையின் நடுப்பகுதியைக் காப்பாற்ற ஓரத்தைப் பலி கொடுக்கும் வைத்தியம் இது. அதைச் செய்யும்போது அறைக்கதவைச் சாத்தி, வெளியே எச்சரிக்கைப் பலகை மாட்டி, கூட நிற்கும் செவிலியருக்கும் அந்த நிறத்தைத் தடுக்கும் கண்ணாடி கொடுப்போம். கதவுக்கு உள்ளே இத்தனை சடங்கு. வெளியே அதே நிறக் கதிர் ஊதலோடு சேர்த்து விற்பனைக்குக் கிடைக்கிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். மக்காச்சோளக் காட்டில் இராக்காவலுக்குப் போகும் மாமா, பன்றி விரட்ட வாங்கிய லைட்டை அவன் எடுத்து விளையாடியிருக்கிறான். முகம் பார்க்கும் கண்ணாடியில் அடித்து, திரும்பி வரும் பச்சையை உற்றுப் பார்த்திருக்கிறான். வலி இல்லை. விழித்திரைக்கு வலி தெரியாது, அதுதான் இதில் உள்ள வஞ்சகம். நான்கைந்து நாள் கழித்து, கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று அழைத்து வந்தார்கள். ‘அம்மா’ என்று எழுதிக் காட்டினேன். “நடுவுல இருக்கிற எழுத்து மட்டும் காணோம் சார்” என்றான். மெய்யெழுத்து விழுங்கப்பட்டிருந்தது. பார்வையை நேராகச் செலுத்தும் இடத்தில், கடுகைவிடச் சிறிய ஒரு தழும்பு. கண்ணாடி போட்டால் தீராது, சொட்டு மருந்துக்கும் கட்டுப்படாது. கொஞ்சம் தேறினான், முழுதாகத் தேறவில்லை.

இவ்வளவு சின்னப் பொருள் எப்படி இதைச் செய்கிறது? குண்டு பல்பின் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறிப் போகும். லேசரின் ஒளி ஒரே திசையில், விரியாமல் போகும். அதைக் கண்ணில் உள்ள லென்ஸ் பிடித்து, விழித்திரையில் ஊசிமுனையளவு இடத்தில் குவித்துவிடும். கண்ணுக்குள் நுழையும்போது இருந்த செறிவு, உள்ளே போய்ச் சேரும்போது ஏறக்குறைய லட்சம் மடங்கு ஆகிறது. மருத்துவமனையில் அந்தப் புள்ளியை நாங்கள் வேண்டுமென்றே கொஞ்சம் விரித்து விடுகிறோம். கையடக்க லேசர் அந்தத் தயவைக் காட்டாது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் வந்தபோது தனிக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது என்று ஊர் முழுக்கச் சொன்னோம் அல்லவா? அதே பயம் இங்கேயும் வேண்டும்.

ஒரு மில்லிவாட் வரை இருந்தால் நாம் தானாகக் கண்ணைச் சிமிட்டிவிடுவோம். சிமிட்டக் கால் விநாடி ஆகும், அதற்குள் பெரிய கேடு வராது. பாடம் நடத்தவும் கூட்டத்தில் படம் காட்டவும் அதுவே போதும். ஐந்தைத் தாண்டினால் இமையை நம்ப முடியாது. ஐநூறைத் தாண்டினால் தோலே பொசுங்கும். இன்னொன்று, மலிவான பச்சை லேசருக்குள் முதலில் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். படிகங்கள் வழியாக அது பச்சையாக மாறுகிறது. மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கழற்றுவது அதைத்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? விமானிக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே விமான நிலையத்தை ஒட்டிப் பொய்விளக்கு காட்டக் கூடாது என்று உண்டு. 2023-இல் அதைத் திருத்தி, லேசரையும் பெயர் சொல்லிச் சேர்த்து, 5 கிலோமீட்டராக இருந்த சுற்றெல்லையை 5 கடல் மைலாக, அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேலாக, விரித்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2025 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சென்னையில் இறங்க வந்த விமானங்கள்மீது பரங்கிமலைப் பக்கமிருந்து லேசர் அடித்தார்கள். தரையை நெருங்கும் அந்த நிமிடத்தில் விமானிக்குப் பச்சை மூட்டம் தவிர எதுவும் தெரியாது. அமெரிக்காவில் 2023-இல் மட்டும் விமானிகள் கொடுத்த லேசர் புகார்கள் 13,304. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பும் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

ஆனால் சிறுவாச்சூர் அந்த 5 கடல் மைலுக்குள் வராது. அதற்குள் வந்தாலும் அந்த விதி காப்பது விமானத்தை, கீழே நிற்கும் பையனை அன்று. போர்க்களத்துக்கும் சட்டம் இருக்கிறது. எதிரியின் கண்ணை நிரந்தரமாகக் குருடாக்க என்றே செய்த லேசர் ஆயுதம் கூடாது என்று 1995-இல் வியன்னாவில் ஓர் உடன்பாடு ஆனது, இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. விமானிக்கும் சிப்பாய்க்கும் நடுவே, மக்காச்சோளக் காட்டுக்காரரும் தேர் பார்க்க வந்த குழந்தையும் விட்டுப்போனார்கள்.

இங்கே சுதந்திரம் பேசுவோர் எழுந்து நிற்பார்கள். நிற்கட்டும், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. “என் காசு, என் கை, என் லைட். வானத்தில் நட்சத்திரம் காட்ட வாங்கினேன். அரிவாளுக்கு உரிமம் கேட்கிறாயா?” என்கிறார்கள். எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றுவது விவசாயியின் கேள்வி. கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால் ஒரே இரவில் அரை ஏக்கர் போய்விடும். மயிலைத் தொடவே முடியாது. திருட்டுக் கரண்டில் கம்பி கட்டினால் மனிதனே சாகிறான், அவுட்டுக்காய் வைத்தால் மாட்டின் வாய் சிதறுகிறது. இவற்றுக்கு முன்னால் ஒரு பச்சை வெளிச்சம் எவ்வளவு சாதுவானது! மொத்தமாகத் தடை போட்டால் முதலில் மாட்டுவது டீக்கடை வாசலில் நிற்கும் ஏதோ ஓர் இளைஞன். இறக்குமதி செய்தவரை யாரும் தேடிப்போக மாட்டார்கள். தடை என்றாலே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஆனாலும் அரிவாள் ஒப்பீடு நிற்காது. அரிவாள் கைக்கு எட்டும் தூரத்தில் வெட்டும், அதன் கூர்மை பார்த்தாலே தெரியும். லேசர் ஊர் தாண்டிப் போகும், அதன் கூர்மை பார்த்தால் தெரியாது. உறையில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2013-இல் 122 கையடக்க லேசர்களை அளந்து பார்த்தது. பச்சையில் ஏறக்குறைய 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் அந்நாட்டு விதிக்குள் அடங்கவில்லை. சட்டம் கடுமையாக உள்ள நாட்டின் கதை இது. கையில் இருப்பது இன்னதென்று தெரியாதவனுக்கு அதைப் பயன்படுத்தும் சுதந்திரம் இருக்கிறது என்று சொல்வது, அவனை ஏமாற்றியவனுக்குச் சாதகமாக வாதாடுவதுதான். தெரிந்து எடுத்தால்தான் அது தேர்வு.

மகாராஷ்டிரத்தில் பிள்ளையார் ஊர்வலங்களில் மேடை லேசர் பட்டுக் கண் கெட்டதாகச் சில ஆண்டுகளாகப் புகார். 2024 செப்டம்பரில் இதைத் தடுக்கக் கேட்டு மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அறிவியல் ஆதாரம் எங்கே, ஆய்வு செய்தீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். கேட்டது தவறில்லை. ஆனால் ஆதாரம் கண் மருத்துவரின் பழைய நோட்டுகளில் ஒவ்வொரு கண்ணாகக் கிடக்கிறது. திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் பார்வை மங்குகிறது. எந்த லைட், யார் அடித்தது என்று பிறகு எவருக்கும் தெரியாது. அதனால் இந்தக் கேடு எண்ணிக்கையாகவே மாறுவதில்லை.

எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதில் நாம் ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறோம். பட்டம் விடுவது யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை, மாஞ்சா கழுத்தில் சுற்றும் வரை. சென்னையில் அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து போன குழந்தைகளே செத்தார்கள். நைலான் மாஞ்சாவை 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. இன்றும் விற்கிறது. விடுகிற பையனைப் பிடிக்கிறோம், செய்கிறவனைப் பிடிப்பதில்லை. ஆஸ்திரேலியா வேறு விதமாகப் போனது. 2008-இல் சிட்னியில் இறங்கிய விமானங்கள்மீது பல பேர் சேர்ந்து லேசர் அடித்த பிறகு, ஒரு மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசர்களின் இறக்குமதியையே நிறுத்திவிட்டார்கள். துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பது, ஆயிரம் திருவிழாக்களில் போலீஸ் நிறுத்துவதைவிட எளிது.

நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. பருத்திக்காரர்கள் எல்லாருக்கும் மருந்து டின்னில் உள்ள சாய்சதுரம் தெரியும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் கடைக்காரருக்கு உரிமம் வேண்டும், பில் வேண்டும். விவசாயிக்கு உரிமம் வேண்டாம். சுமையை விற்பவர் தோளில் வைத்தார்கள், அதுவே முறை. அப்படி இருந்தும் 2017-இல் பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் மூச்சில் நஞ்சேறி இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே நிறம் போட்ட சீட்டு ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நான் இந்த மேடையில் உறுதி தர மாட்டேன். சீட்டு இருந்தால் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

லேசருக்கு நான் கேட்பது இதுதான்: ஒரு மில்லிவாட் வரை யாரும் விற்கட்டும், யாரும் வாங்கட்டும். அதற்கு மேல் ஐந்து வரை, அளந்து சான்று பெற்ற பொருளைப் பெரியவர்களுக்கு மட்டும் விற்கட்டும். ஐந்தைத் தாண்டியது மருந்துக்கடைபோல உரிமமுள்ள கடையில், ரசீதோடு, பயன்படுத்தும் முறையைச் சொல்லித் தரவேண்டும். காட்டுக் காவலுக்கு வாங்குபவரை எந்தப் போலீஸும் தொடக் கூடாது. விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 சனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஊதலுக்குப் பக்கத்தில் வைத்துக் குழந்தைக்கு விற்கிற லேசரையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். இதற்குத் தில்லியில் ஓர் ஆணை போதும். அது வரும்வரை கிராம சபை இருக்கிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. திருவிழாக் கடை ஏலத்தின் நிபந்தனைகளில் ஒரு வரி சேர்க்க அதுவே போதும்.

இந்த மேசைமேல் இருக்கும் கருவியைப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறேனா என்று காலையில் ஒரு பெரியவர் கேட்டார். இது ஒளியின் திறனை அளக்கும் மீட்டர். பின்வரிசைத் தம்பிகளே, உங்களில் இரண்டு பேர் பையில் லைட் இருக்கிறது, கூட்டம் தொடங்கும் முன் அந்தச் சுவரில் பச்சைப் புள்ளி ஓடியதை நான் பார்த்துவிட்டேன். பறிக்க மாட்டேன். வெளியே டீயும் சுண்டலும் தயாராக இருக்கிறதாம். குடித்துவிட்டு ஒவ்வொருவராக வந்து கொடுங்கள். அளந்து, எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி, லைட்டில் ஒட்டித் திருப்பித் தருகிறேன். யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் வந்தால் போதும். வரும்போது முனை தரையைப் பார்க்கட்டும்.