ஏரி வாரியமும் கணக்கும்



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு என்றதும் எல்லாரும் குடவோலைத் தேர்தலைத்தான் சொல்வார்கள். எங்களுக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஏரி வாரியத்துக்கு 6 பேர். பொறுப்பு 360 நாள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. கி.பி. 919-இல் எழுதிய விதிகளை 921-லேயே திருத்தினார்கள். 30 முதல் 60 என்றிருந்த வயது 35 முதல் 70 ஆயிற்று. நிலமற்றோருக்கு அதில் இடமில்லை, அதை மறைப்பதற்கில்லை.

நீங்கள் கொடுக்கும் பணத்தில் கிணறோ கட்டடமோ எழும்பும்போது, பொறுப்பாளரிடம் படிப்பையும் பேச்சுத்திறமையையும் பார்க்கிறோம். அவ்வூர்ச் சபையாரும் படிப்பைக் கேட்டார்கள், நிலத்தைக் கேட்டார்கள். கணக்கு ஒப்புவிக்காதவருக்கு அவை இரண்டும் உதவவில்லை.