மெல்போர்ன் போகும் முன்

பிள்ளைகளைப் பார்க்க மெல்போர்ன் கிளம்பும் பெற்றோர்கள் நம் குடியிருப்பிலேயே சிலர் இருக்கிறீர்கள். போய் வந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

மெல்போர்ன், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரம். 1851-ல் அந்த மாநிலத்தில் தங்கம் கிடைத்தது. அதன்பிறகுதான் ஊர் பெரிதானது. ஊருக்கு நடுவே யாரா ஆறு, எப்போதும் பழுப்பு நிறம். ஆடிப்பெருக்குக் காவிரியைப் பார்த்த நமக்கு அது புதிதல்ல. நகர மையத்தில் டிராமுக்குக் காசு கிடையாது. ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். ஸ்வெட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை அமைத்த கடலோரச் சாலை ஒன்று உண்டு. அவசியம் பாருங்கள். அங்கே கடலுக்குள் நிற்கும் பாறைகளுக்குப் 'பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்' என்று பெயர். வங்கியில் இருந்த பழக்கம், எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு இல்லை! 2005-ல்கூட ஒன்று இடிந்து விழுந்ததாம்.

முக்கியமான விஷயம், விமானத்தில் தரும் படிவம். உணவுப்பொருள் இருந்தால் 'ஆம்' என்றே குறியுங்கள். என் மனைவி பையில் ஒரு கட்டு கறிவேப்பிலை இருந்தது. 'ஆம்' போட்டிருந்தோம், இலையை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மறைத்திருந்தால் அபராதம்.

அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு நம்மைப் போல் பார்க்க வருகிறவர்களுக்குக் கிடையாது. பயணக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு டாக்டர் சீட்டையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.