காயலான் கடைக்குப் போகாத இயந்திரங்கள்



வீட்டில் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருக்கிறது. அது இப்போது பாடுவதில்லை. என்ன செய்வார்கள்? சிலர் பரண்மேல் போட்டுவிடுவார்கள். சிலர் காயலான் கடையில் எடைக்குப் போடுவார்கள். ஒரு சிலர் மட்டும் அதன் முதுகைத் திறந்து பார்ப்பார்கள். "எங்கே பழுது?" என்று தேடுவார்கள். பாட வைக்கும்வரை விடமாட்டார்கள்.

அந்த ஒரு சிலரைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

சாணக்யபுரியில் ஓர் இடம்

தலைநகர் தில்லியில் சாணக்யபுரி என்று ஒரு பகுதி உண்டு. பல நாடுகளின் தூதரகங்கள் அங்கே இருக்கின்றன. அகலமான சாலைகள், நிழல் தரும் மரங்கள். அந்தப் பகுதியில்தான் தேசிய இரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1971 அக்டோபர் 7-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அதற்கு அடிக்கல் நாட்டினார். 1977 பிப்ரவரி 1-இல் அது திறக்கப்பட்டது. பழைய இரயில் என்ஜின்களும் பெட்டிகளும் அங்கே திறந்தவெளியில் நிற்கின்றன.

அவற்றில் ஒன்று விந்தையான இரயில். இரயிலுக்கு இரண்டு தண்டவாளம் வேண்டும் அல்லவா? இதற்கு ஒன்றே போதும். வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் இருக்கும். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வரும். சிறு பிள்ளைகளின் சைக்கிளில் பக்கச் சக்கரம் வைப்பார்களே, அதுபோல.

இது 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடத் தொடங்கியது. கோவேறு கழுதைகளும் இதை இழுத்தன. நீராவி என்ஜின்கள் ஜெர்மனியில் பெர்லின் நகரில் செய்யப்பட்டு வந்தன. 1927-இல் இந்த இரயில் நின்றுபோனது. தண்டவாளம் போனது. மக்களும் மறந்துவிட்டார்கள். ஆனால், ஓர் என்ஜினின் மிச்சம் மட்டும் பாட்டியாலாவில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்தது.

1962-இல் மைக் சாட்டோ என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டுபிடித்தார். அவர் இரயில்வே ஊழியர் அல்ல. இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். பழைய இரயில்களைத் தேடுவது அவருடைய ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசையால் ஓர் என்ஜின் பிழைத்தது. அமிர்தசரஸ் இரயில்வே பணிமனையில் அதைச் செப்பனிட்டார்கள். அருங்காட்சியகத்தில் அது மறுபடி ஓடியது.

சென்னைத் தொழிலாளர் கொடுத்த உயிர்

'ஃபேரி குயின்' என்று இன்னொரு என்ஜின். 1855-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்தார்கள். அதே ஆண்டில் கல்கத்தா வந்து சேர்ந்தது. 1909-இல் ஓய்வு பெற்றது. பிறகு பல ஆண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. கடைசியில் சாணக்யபுரிக்கு வந்தது.

அதை மறுபடி ஓட்டலாம் என்று 1990களில் முடிவு செய்தார்கள். வேலை யாரிடம் வந்தது தெரியுமா? சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்களிடம். 1997 அக்டோபரில் அந்த என்ஜின் பயணிகளை இழுத்துக்கொண்டு தில்லியிலிருந்து ஆல்வாருக்குப் புறப்பட்டது. அப்போது அதற்கு வயது 142. உலகத்திலேயே முறையாக ஓடும் மிகப் பழைய நீராவி என்ஜின் என்று அடுத்த ஆண்டு கின்னஸ் புத்தகம் அதைக் குறித்தது.

1855-இல் செய்த இன்னொரு என்ஜினையும் பெரம்பூர் தொழிலாளர்கள் சரிசெய்தார்கள். அது 2010 ஆகஸ்ட் 15-இல் சென்னையில் ஓடியது.

இந்த வேலை எளிதானதா? இல்லை. இத்தனை பழைய என்ஜினுக்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது. உடைந்ததைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும். பாய்லரில் தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்குப் படிப்பும் வேண்டும். கைப்பழக்கமும் வேண்டும்.

கைப்பழக்கம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திருச்சி பொன்மலை ஓர் எடுத்துக்காட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நீராவி இரயில் மலை ஏறுகிறது. அதற்காகப் பொன்மலைப் பணிமனை புதிய நீராவி என்ஜின்களையே செய்து கொடுத்திருக்கிறது. நாட்டின் மற்ற இடங்களில் நீராவி பெரும்பாலும் மறைந்தபின் நடந்த வேலை இது. அந்தத் தொழில் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. அதனால் முடிந்தது.

கணினிக்கும் முதுமை வரும்

இரயில் என்ஜினுக்கு வந்த கதி கணினிக்கும் வருகிறது. இன்னும் வேகமாக வருகிறது. என்ஜின் ஐம்பது ஆண்டு உழைத்தது. கணினியைப் பத்து ஆண்டில் "பழசு" என்று தூக்கி எறிகிறார்கள்.

இந்தியாவுக்கு முதல் மின்னணுக் கணினி 1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. 1960களில் இரயில்வே துறை ஐ.பி.எம். 1401 என்ற கணினிகளைப் பயன்படுத்தியது. அந்தக் கணினிக்கு ஒரு பெரிய அறையே வேண்டும். அதற்குக் கணக்கைச் சொல்ல அட்டையில் துளை போட வேண்டும். துளை இருக்கும் இடத்தைக் கொண்டு இயந்திரம் எண்ணையும் எழுத்தையும் தெரிந்துகொள்ளும்.

அதே வகைக் கணினிகள் இரண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இயங்குகின்றன. அவற்றைச் சரிசெய்தவர்கள் யார்? பலரும் ஓய்வு பெற்ற பொறியாளர்கள். இளம் வயதில் இதே இயந்திரங்களோடு வேலை செய்தவர்கள். சம்பளம் வாங்காமல் வந்தார்கள். பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு கணினி உண்டு. 1951-இல் செய்தது. எடை 2.5 டன். அது சேமிப்புக் கிடங்கில் பிரித்துப் போடப்பட்டுக் கிடந்தது. ஆர்வலர்கள் அதை எடுத்து வந்தார்கள். மூன்று ஆண்டு வேலை செய்தார்கள். 2012-இல் அது மறுபடி கணக்குப் போட்டது. மிகவும் மெதுவான கணினி அது. ஆனால் அதன் குழல்களில் சிறு வெளிச்சப் புள்ளிகள் நகரும். எண் எப்படி ஏறுகிறது, எப்படிக் கூடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இன்றைய கைப்பேசியில் அதைப் பார்க்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியின் அடிப்படையைக் காட்ட இதைவிட நல்ல கருவி ஏது?

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

பழைய கணினி கிடைத்ததும் ஆர்வலர்கள் உடனே சுவிட்சைப் போடமாட்டார்கள். போட்டால் நல்ல பாகமும் கருகிப்போகலாம். முதலில் திறந்து தூசி தட்டுவார்கள். எலி கடித்த கம்பி உண்டா என்று பார்ப்பார்கள்.

அடுத்து பேட்டரி. பல கணினிகளுக்குள் சிறிய பேட்டரி ஒன்று இருக்கும். நேரத்தையும் தேதியையும் நினைவில் வைக்க அது உதவும். நாளானால் அது கசியும். கசிந்த நீர் செம்புக் கோடுகளை அரித்துவிடும். அதனால் முதலில் அதை எடுத்துவிடுவார்கள்.

அடுத்து மின்தேக்கி. இது தண்ணீர்க் குடம் போன்றது. வரும் மின்சாரத்தைத் தேக்கி, சீராகக் கொடுக்கும். சில வகை மின்தேக்கிகள் காலப்போக்கில் உள்ளே காய்ந்துவிடும் அல்லது உப்பும். அவற்றைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைப்பார்கள். அதன் பிறகே மின்சாரம் கொடுப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய தொலைக்காட்சி, பழைய கணினித் திரை ஆகியவற்றின் கண்ணாடிக் குழலில், மின் இணைப்பை நீக்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். அது கடுமையாக அடிக்கும். தொழில் தெரியாதவர்கள் அதைத் திறக்கக் கூடாது.

அதே நகரத்தில் இன்னொரு காட்சி

சாணக்யபுரி இருக்கும் அதே தில்லியில், வடகிழக்கே சீலம்பூர் இருக்கிறது. உடைந்த கணினிகளும் கைப்பேசிகளும் அங்கே குவிகின்றன. ஏழை மக்கள் அவற்றை உடைத்துச் செம்பையும் மற்ற உலோகங்களையும் பிரிக்கிறார்கள். கம்பியை எரிக்கிறார்கள். அமிலத்தில் முக்குகிறார்கள். பெண்களும் சிறுவர்களும் இந்த வேலையில் இருந்திருக்கிறார்கள். கணினிக்குள் ஈயமும் காட்மியமும் பாதரசமும் உண்டு. புகையாகவும் தூசியாகவும் அவை உடலுக்குள் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இதைத் தடுக்க அரசு விதிகள் செய்தது. முதல் விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடக்கின்றன. மின்னணுக் கழிவை உரிமம் பெற்ற நிலையங்களிடமே கொடுக்க வேண்டும் என்பது இவற்றின் நோக்கம். ஆனாலும் பிழைக்க வேறு வழி இல்லாதவர்கள் அந்தக் குப்பையை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

ஒரே கணினி. தெரிந்தவர் கையில் அது பாடம் சொல்லும். எரிந்தால் நஞ்சாகும். எல்லாக் கணினியையும் காப்பாற்ற முடியாது. அதற்கு இடமும் இல்லை. ஆனால் சரிசெய்து இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டினால், அந்த ஐந்து ஆண்டும் ஒரு குப்பை குறையும். ஒரு மெக்கானிக்குக் கூலியும் கிடைக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் ஊரிலும் தொழில் தெரிந்த கைகள் உண்டு. வானொலி பழுதுபார்த்தவர் இருப்பார். தையல் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவர் இருப்பார். ஆயில் என்ஜினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்பவர் இருப்பார். பல பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் காலத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அந்தப் பெரியவரிடம் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாகம் முதலில் தேயும், எதை எப்படித் திருக வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மேலே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.

அந்த நோட்டு, ஒரு நாள் யாரோ ஓர் இளைஞருக்கு வழி காட்டும். அப்போது அந்த இயந்திரம் காயலான் கடைக்குப் போகாது.