பிஞ்சுகளைப் பேண ஒரு பட்டப்படிப்பு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். என்னைப் பேசக் கூப்பிட்டதும், ஏற்றுமதி பற்றியோ புது மெஷின் பற்றியோ பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது நர்ஸிங் படிப்பைப் பற்றி. அதிலும் குழந்தைகளுக்கான நர்ஸிங். 'இன்ஜினீயருக்கு இதில் என்ன வேலை?' என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. வீட்டில் முதலில் படித்தவனுக்கு ஒரு பதவி தானாக வந்து சேரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும். சித்தப்பா, பெரியம்மா, லைன் வீட்டுக்காரர், கம்பெனி டெய்லர் எல்லோரும் போன் போடுவார்கள். "தம்பி, நம்ம புள்ளைய என்ன படிக்க வைக்கலாம்?" நமக்குத் தெரிந்தது நம்முடைய படிப்பு மட்டும்தான். ஆனால் நாம் சொல்கிற பதிலை அவர்கள் அப்படியே நம்புவார்கள். அதனால்தான், தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு படிப்பைப் பற்றி இன்று சொல்ல வந்தேன்.

என் சித்தப்பா ஓவர்லாக் டெய்லர். சித்தி செக்கிங். அவர்கள் மகள் 2016-ல் பிளஸ் டூ முடித்தாள். வீட்டில் இரண்டு யோசனை. ஒன்று, மில்லில் சேர்த்துவிடுவது. சுமங்கலித் திட்டம் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டிப் போவார்கள். இன்னொன்று, ஏதாவது ஒரு டிகிரி. அவளுக்கு இரண்டிலும் மனசு இல்லை. "அண்ணா, நான் நர்ஸிங் படிக்கறனுங்க. கொழந்தைங்க வார்டுல வேலை பார்க்கோணும்" என்றாள்.

சித்தப்பாவுக்குக் கவலை. "நைட் டூட்டி பார்க்கற புள்ளைக்கு மாப்பிள்ளை அமையுமா?" என்றார். "சீசன் நேரத்தில் சித்தி ராத்திரி பதினோரு மணிக்குத்தானே கம்பெனியில் இருந்து வருகிறார்? அதை யாராவது குறை சொன்னார்களா?" என்று கேட்டேன். சித்தி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு வழி கிடைத்தது.

படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் தொடங்கியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டரும் டெலியா ஹட்டன் என்ற நர்ஸும் 1909-லேயே நர்ஸிங் பள்ளி ஆரம்பித்துவிட்டார்கள். பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலம் அது. குழந்தைகளுக்கென்றே தனி ஆஸ்பத்திரி என்ற யோசனை அதற்கும் முந்தியது. லண்டனில் டாக்டர் சார்லஸ் வெஸ்ட் 1852-ல் பத்துப் படுக்கைகளோடு கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியைத் திறந்தார்.

பிரிட்டனில் இன்று நர்ஸிங் பட்டத்தில் நான்கு பிரிவு: பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. சேரும்போதே குழந்தைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். நம் நாட்டில் முறை வேறு. எல்லோரும் முதலில் நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்க வேண்டும். அதில் குழந்தை நல நர்ஸிங் ஒரு பாடம். 2021-ல் வெளியான புதிய பாடத்திட்டப்படி அது ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் வருகிறது. அதன் பிறகு ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷ எம்.எஸ்ஸி.யில் குழந்தை நலத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் ஒரு வருஷ டிப்ளமோவும் உண்டு.

குழந்தைக்கு எதற்குத் தனிப் படிப்பு? சின்ன உடம்பு, சின்ன டோஸ், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். இதற்குப் பதில் நம் கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும். பெரியவர் பனியன் பேட்டர்னைச் சுருக்கினால் குழந்தை பனியன் வராது. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் தலை மட்டும் கால் பங்கு. பெரியவர்களுக்கு ஏழில் எட்டில் ஒரு பங்குதான். அதனால்தான் குழந்தை பனியனுக்குத் தோளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரிக் கழுத்து வைக்கிறோம். துணியிலேயே இப்படி என்றால் மருந்தில் எப்படி இருக்கும்?

தங்கை மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, நீங்க இன்ஜினீயர்தான, இந்தக் கணக்கைப் பாருங்க" என்றாள். ட்ரிப்ஸ் கணக்கு. ஹாலிடே, செகார் என்ற இருவர் 1957-ல் வெளியிட்ட சூத்திரம். குழந்தையின் எடையில் முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50 மில்லி, அதற்கு மேல் 20 மில்லி. 12 கிலோ குழந்தை என்றால் ஒரு நாளைக்கு 1,100 மில்லி. 24 மணியால் வகுத்தால் மணிக்குச் சுமார் 46 மில்லி. குழந்தைகளுக்குப் போடும் மைக்ரோ ட்ரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. ஆக நிமிஷத்துக்கு 46 சொட்டு. கணக்கு என்னவோ எளிதுதான். ஆனால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இதயக் கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் அது மாறும். ராத்திரி மூன்று மணிக்கு, அழுகிற குழந்தைக்கும் பயந்துபோன தாய்க்கும் நடுவில் நின்றுகொண்டு அதைச் சரிபார்க்க வேண்டும். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். நம் கம்பெனியில் பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஆல்டர் பண்ணலாம். அங்கே அது முடியாது.

இன்னொன்று சொன்னாள். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் மொத்தமாக ஓடுகிற இரத்தம் சுமார் 80, 90 மில்லிதான். நாம் கடையில் குடிக்கிற ஒரு கிளாஸ் டீ அளவு. டெஸ்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு மில்லியையும் எழுதி வைத்துக் கூட்டிப் பார்ப்பார்களாம்.

குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அதற்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. முகம், கால், அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா இல்லையா, இந்த ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க் போடுவது. மொத்தம் 10. நாம் செக்கிங் டேபிளில் பாயிண்ட் போடுகிற மாதிரிதான். விளையாட்டும் இவர்களுக்குப் பாடம். ஊசி போடப்போகிற குழந்தையை பொம்மை காட்டித் தயார் செய்வதைப் படித்துத்தான் செய்கிறார்கள்.

கங்காரு முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978-ல் கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் பற்றாக்குறையான ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைப்பது. தாயின் உடம்புச் சூடே இன்குபேட்டர். குழந்தை தலை வழியாகச் சூட்டை இழக்காமல் இருக்க ஒரு குட்டித் தொப்பி போடுவார்கள். நம் மெஷினில் பின்னுகிற அதே மாதிரித் தொப்பிதான்.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்கான பாடி சூட் தைத்து அனுப்புகிறோம். அதில் பிரஸ் பட்டன் பிய்ந்து குழந்தை வாயில் போய்விடக் கூடாது என்று பல பையர்கள் 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பெட்டியில் போடும் முன் ஊசி முனை ஏதாவது உடைந்து கிடக்கிறதா என்று மெஷினில் ஓட்டிப் பார்க்கிறோம். கடல் தாண்டி இருக்கும், நாம் பார்க்காத குழந்தைக்கு இவ்வளவு கவனம். நல்ல விஷயம்தான். அந்தத் துணியைத் தைக்கிற தாயின் குழந்தைக்கும் அதே கவனம் வேண்டாமா?

திருப்பூருக்கு ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பத்தோடு வந்து வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இங்கே பாட்டி இல்லை, அத்தை இல்லை. குழந்தைக்குப் பேதி ஆனால் உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படிக் கலக்குவது என்று சொல்ல ஆள் இல்லை. தங்கை படிப்பு முடித்து மூன்று வருஷம் கோவையில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தாள். நம் பக்கத்துக் கம்பெனித் தாய்மார்கள் அங்கேயும் வருவார்களாம். "கித்னே தின் ஸே?" என்று கேட்கிற அளவுக்கு ஹிந்தி கற்றுக்கொண்டாள். எத்தனை நாளாக என்று அர்த்தம். அந்த ஒரு கேள்வியைத் தன் பாஷையில் கேட்டதுமே பாதித் தாய்மார்கள் அழுதுவிடுவார்கள் என்றாள். இப்போது குழந்தை நலத்தில் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று. கட்டடமும் படுக்கையும் வந்தால் மட்டும் போதாது, படித்த கைகளும் வேண்டும்.

இனிப்பாக மட்டும் பேசிவிட்டுப் போகக் கூடாது. சம்பள விஷயத்தையும் சொல்கிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பச் சம்பளம், கைதேர்ந்த டெய்லர் சீசனில் எடுக்கிறதைவிடக் குறைவாகவே இருக்கலாம். தங்கையின் முதல் சம்பளத்தைப் பார்த்து, "இதுக்கா நாலு வருஷம்?" என்றார் சித்தப்பா. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் போனாலும், பலர் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்ந்திருக்கிறார்கள். வேலை கடினம். நிற்க நேரம் இல்லை, உட்கார நேரமே இல்லை. கண் முன்னால் ஒரு குழந்தை போய்விடுகிற நாளும் உண்டு. அன்று ராத்திரி தங்கை யாரோடும் பேசமாட்டாள்.

ஆனால் டெய்லருக்கு நாற்பத்தைந்து வயதில் கண்ணும் இடுப்பும் போய்விடுகிறது. நர்ஸுக்கு அனுபவம் கூடக் கூட மதிப்பு கூடுகிறது. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அவள் பதிவுச் சான்றிதழ் அவளுடையது. இந்த வித்தியாசத்தை இன்று சித்தப்பாவே பக்கத்து வீட்டில் எடுத்துச் சொல்கிறார்.

இனி உங்களிடம் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். பி.எஸ்ஸி. நர்ஸிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். பொதுப் பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதம், வயது 17. தமிழ்நாட்டில் அரசுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். 'பொண்ணுக்குக் காமர்ஸ் போதும்' என்று பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கே கதவைச் சாத்திவிடாதீர்கள். பையன்களும் சேரலாம்.

இரண்டாவது, கல்லூரியை விசாரியுங்கள். இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா? பயிற்சிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை ஆஸ்பத்திரி இருக்கிறதா? குழந்தைகள் வார்டை நேரில் போய்ப் பாருங்கள். எங்கள் கம்பெனி டெய்லர் ஒருவர் பேனரைப் பார்த்து மகளை 'ஒரு வருஷ நர்ஸிங்' சேர்த்தார். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. படிப்பு முடிந்து பதிவு செய்யப் போனபோதுதான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தது. பணமும் போயிற்று, ஒரு வருஷமும் போயிற்று.

மூன்றாவது, பணம். கல்விக் கடன் 4 லட்ச ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் வங்கிகள் தருகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் வருஷா வருஷம் இக்கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறோம். அது தொடரட்டும். அதோடு, பனியன் தொழிலாளி வீட்டில் இருந்து பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர்கிற ஒரு பெண்ணுக்கு நான்கு வருஷமும் புத்தகம், சீருடை, பஸ் செலவை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். என் பங்காக முதல் வருஷத் தொகையைப் பொருளாளரிடம் இன்று கொடுத்திருக்கிறேன். மற்ற மூன்று வருஷத்துக்கு மூன்று பேர் கை தூக்கினால் போதும்.

இந்நாள் மாணவர்களுக்கு: உங்களிடம் பணம் கேட்கவில்லை. வருகிற மே மாதம் யாராவது போன் போட்டு, "புள்ளைய என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "உனக்கு என்ன அம்மிணி வேணும்?" என்று கேளுங்கள். பிறகு நீங்கள் தெரிந்து வைத்திருப்பதைச் சொல்லுங்கள்.