தோளில் விழும் கை



நட்பைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நட்பின் பெருமையைப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். நண்பர்கள் ஒருவரையொருவர் தொடுவதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

இந்த மணப்பாறை மாட்டுச்சந்தையில் தரகரும் வாங்க வந்தவரும் துண்டால் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விரல் ஆயிரத்தைச் சொல்லும். அது வியாபாரம்தான், நட்பு இல்லை. ஆனாலும் முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் அவ்வளவு நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இங்கே யார் கண்ணையும் உறுத்துவதில்லை. சந்தையை விட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்தால், சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நடக்கும் பையன்கள், "மாப்ள" என்று கழுத்தைக் கட்டி இழுக்கும் கூட்டாளிகள், பைக்கில் முன்னால் இருப்பவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு போகிறவன். ஸ்ரீரங்கத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களில் சிலர் இவர்களைக் காதலர்கள் என்றே நினைத்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே கணவனும் மனைவியும் நாலடி இடைவெளி விட்டு நடப்பதைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும்.

சிட்னி ஜுரார்ட் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு வேடிக்கையான வேலை செய்தார். காப்பிக்கடைகளில் உட்கார்ந்து, பேசிக்கொண்டிருக்கும் இருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை தொட்டுக்கொள்கிறார்கள் என்று எண்ணினார். புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் 180. பாரிஸில் 110. புளோரிடாவின் கெய்ன்ஸ்வில் ஊரில் 2. லண்டனில் ஒன்றுமே இல்லை. சில மேசைகளை மட்டும் பார்த்த கணக்கு இது. இதை வைத்து ஒரு நாட்டையே எடைபோடக் கூடாது. இருந்தாலும் வித்தியாசம் சின்னதில்லை. 2005 ஏப்ரலில் சவூதி இளவரசர் அப்துல்லா அமெரிக்க அதிபர் புஷ்ஷின் டெக்சாஸ் பண்ணைக்கு வந்தபோது, புஷ் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அரபு நாட்டில் அது மரியாதை, நட்பு. அமெரிக்கத் தொலைக்காட்சியிலோ அதை வைத்துச் சிரித்துத் தள்ளினார்கள்.

அமெரிக்கர்கள் எப்போதுமே அப்படி இருந்தவர்கள் அல்ல. ஜான் இப்சன் என்ற வரலாற்றாசிரியர் பழைய புகைப்படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி ஆராய்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டுடியோப் படங்களில் நண்பர்கள் மடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், கைகோத்திருக்கிறார்கள், தோளில் சாய்ந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டு போகப்போக உடல்கள் விலகிக்கொண்டே வருகின்றன. ஆணுக்கு ஆண் மேல் வரும் ஆசையை நோயென்றும் குற்றமென்றும் சொல்லி அதற்குத் தனியாக ஒரு முத்திரை தயாரானதும், அது தன் மேல் விழுந்துவிடுமோ என்று எல்லா ஆண்களும் கையை இழுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பயம் இப்போது திருச்சி விமான நிலையம் வழியாகவும் வந்து இறங்குகிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் சொன்னார்: லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் கூட்டாளி தோளில் கை போடுவார்களாம், ரயிலில் ஏறியதும் எடுத்துவிடுவார்களாம். நம் நாட்டிலோ, ஆணுக்கு ஆண் உறவைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1860இல் எழுதிவைத்த 377ஆம் பிரிவைக் கொண்டு, மனம் ஒத்த வயது வந்தவர்களைத் தண்டிக்க முடியாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் விலகிய காலத்தில் பையன்களுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டதுதான் விசித்திரம். யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று கையை எடுப்பதைவிட, நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், அதில் தப்பென்ன இருக்கிறது என்று கேட்கப் பழகுவது நல்லது என்பது என் கட்சி.

இதையெல்லாம் சொன்னதும், "அவர்கள் தள்ளி நிற்பவர்கள், நாம் ஒட்டி உறவாடுகிறவர்கள்" என்று நம்மில் பலருக்கு ஒரு பெருமிதம் வந்துவிடும். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நட்புக்கு இலக்கணம் என்று தமிழ் தூக்கிப் பிடிக்கும் கதை பக்கத்து உறையூரில் நடந்தது. கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நண்பர்கள். சோழன் உண்ணாநோன்பேற்று வடக்கிருந்தபோது புலவர் வந்து சேர்ந்து தானும் உயிர்விட்டார். நட்புக்குக் கூடிப் பழக வேண்டியதில்லை என்று சொல்லும் குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் சான்றும் இவர்கள்தான். நம் உச்சக்கட்ட நட்பில் தொடுகைக்கு இடமே இல்லை.

தொடுகை உள்ள கதைகளும் இந்த மண்ணில் உண்டு. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியது ஸ்ரீரங்கத்தில் என்று சொல்கிறோம்; தாயார் சன்னதிக்கு எதிரே மண்டபத்தையும் காட்டுகிறோம். அந்தக் காவியத்தில் வேடன் குகனைத் தம்பியாக இராமன் அணைத்துக்கொள்கிறான். திருப்பாணாழ்வார் கதை இதைவிடக் கூர்மையானது. காவிரிக்கரையில் பாடி மெய்மறந்து நின்ற பாணர், கோயிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவரின் வழியில் நின்றார். கூப்பிட்டும் விலகாததால் கல்லெறி பட்டார். பிறகு அரங்கன் ஆணைப்படி அதே முனிவரே அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்கிறது குருபரம்பரை. அழகான கதைகள்தான். ஆனால் இரண்டிலும் கை மேலேயிருந்துதான் வருகிறது. குகன் இராமன் தோளில் கை போடவில்லை. பாணர் யாரையும் தொடவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள், போனார்.

நம் ஊர்களில் இன்றைக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான். பள்ளியில் ஒரே பெஞ்ச். கபடி ஆடும்போது ஒருவன் இடுப்பை இன்னொருவன் கட்டிப் புரளுவான். அங்கே தெரு கிடையாது. பிளஸ் டூ முடிந்து ஊருக்குள் வந்து நின்றதும் தெரு முளைத்துவிடும். டீக்கடை வாசலில் மேலத்தெருக்காரர் கீழத்தெருப் பையன் தோளில் கை போட்டால் பெருந்தன்மை என்பார்கள். அவன் திருப்பி இவர் தோளில் போட்டால் அதற்குப் பெயர் திமிர். தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலையும் கிணற்றையும் கடையையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. தோளை எந்தப் பிரிவில் எழுதுவது? வெள்ளைக்காரர்கள் ஆசைக்குப் பயந்து கையை எடுத்தார்கள் என்றால், நாம் வேலிக்குள் மட்டும் தாராளமாகத் தொட்டுக்கொண்டோம். வேலிக்குள் நின்று பார்த்தால் ஊர் முழுவதும் அன்பாகத்தான் தெரியும்.

பெண்களுக்கு வேலி வேறு விதம். சடை பின்னுவது, பேன் பார்ப்பது, இடுப்பில் கை கோத்து வாய்க்கால் கரையில் நடப்பது என்று ஆண்களைவிட அதிகமாகவே தொட்டுப் பழகியவர்கள். கல்யாணம் ஆனதும் அவள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறாள். புருஷனின் கூட்டாளிகள் அதே டீக்கடையில் இருக்கிறார்கள்; அவளுடைய தோழிகள் பத்து ஊரில் சிதறிக் கிடக்கிறார்கள். பிறகு அவர்கள் கட்டிப் பிடித்துக்கொள்ள ஊர் தாராளமாக அனுமதிக்கும் இடம் கேதவீடு. அங்கே ஆண்கள் வரிசையில் நிற்கும் வீட்டாரின் கையைத் தொட்டுவிட்டுப் பந்தலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டி அழுவார்கள். பேசாத நாத்தனாரும் அன்று கட்டி அழலாம். பிரிந்துபோன தோழிகள் பலர் மறுபடி அணைத்துக்கொள்வது ஒருத்தியின் தாய் செத்த அன்றுதான்.

அவையில் திருச்சிக் கல்லூரி மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். ஜுரார்ட் செய்ததை நீங்களும் செய்யலாம். ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். டீக்கடையில் எத்தனை முறை தொட்டார்கள் என்பதோடு, யார் கை முதலில் நீண்டது, எந்தத் தெருவிலிருந்து நீண்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கணக்கோடு உங்களில் ஒருவர் இங்கே பேச வந்தால், நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.